சீர் கொண்டுவந்த புரோக்கர்

வீடு என் பேரில் இருந்தது. கையெழுத்துப் போட்டதும் நான்தான். ஏமாந்ததில் வேறு யாரையும் பங்கு சேர்க்க முடியாது.

பெரியநாயக்கன்பாளையத்தில் மெயின் ரோட்டிலிருந்து இரண்டாவது சந்து. ஐந்தேகால் சென்ட் இடம். முன்னால் லேத் பட்டறை, பின்னால் வீடு. பட்டறையில் என் கணவர் கிரைண்டர் கம்பெனிகளுக்கு இரும்புச் சாமான் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தார். புது மெஷின் வாங்கலாம் என்று வீட்டுப் பத்திரத்தை பேங்க்கில் வைத்துக் கடன் எடுத்தோம். மெஷின் வந்த வருஷமே ஆர்டர் குறைந்தது. அடுத்த வருஷம் அவர் நெஞ்சுவலியில் போய்விட்டார். மெஷினை வாங்கிய விலையில் கால்வாசிக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். கடன் அப்படியே நின்றது. ஆறு தவணை கட்டாமல் போனதும் மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். "நீங்களே வித்துக் கட்டிருங்கம்மா. நாங்க ஏலத்துல விட்டா நல்ல வெலை தேறாது" என்றார். இந்தக் கதையில் என்னிடம் உள்ளதை உள்ளபடி சொன்ன முதல் ஆள் அவர்தான்.

எனக்கு ஒரே மகள். தாராபுரத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அங்கே மாமனார், மாமியார், கொழுந்தன் எல்லோரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். என்னோடு வந்து இருந்துவிடு என்று மகள் கூப்பிட்டாள். பெண்ணைக் கொடுத்த வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு வரலாம், பாயை விரித்துப் படுத்துக் கிடக்க முடியாது. அவள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன வீடு விலைக்கு வந்தது. இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் துணி காயப்போட இடம். இருபத்தாறு லட்சம். வீட்டுக்காரர் ரிட்டயர்டு வாத்தியார். மகனோடு பெங்களூருக்குப் போகப் போகிறவர். என் வீடு நான் நினைத்த விலைக்குப் போனால் கடனை அடைத்து அந்த வீட்டை வாங்கிவிடலாம். சாகிறவரை சொந்தக் கூரையில் இருக்க வேண்டும், யார் முகத்தையும் பார்த்து நிற்கக் கூடாது. நான் கேட்டது அது ஒன்றுதான்.

புரோக்கர் தானாகவே வந்தான். சந்து முனை டீக்கடையில் கேள்விப்பட்டதாகச் சொன்னான். நாற்பது வயது இருக்கும். செருப்பை வாசலில் ஓரமாகக் கழற்றி வைத்தான். உள்ளே வா என்று சொல்லும்வரை படி ஏறவில்லை. தண்ணீர்ச் சொம்பை இரண்டு கையாலும் வாங்கினான்.

"ஏனுங்க்கா, அக்காவுக்குப் பொறந்த ஊடு எந்தப் பக்கமுங்க?"

"கொடுமுடிப் பக்கம்."

"அட! அங்க எந்தக் கூட்டமுங்க?"

எங்களில் இது சாதாரணக் கேள்வி. கூட்டம் என்றால் ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுகிற வம்சம். ஒரே கூட்டத்தில் எல்லோரும் அண்ணன் தங்கை முறை. பொண்ணு கொடுக்க மாட்டோம், எடுக்க மாட்டோம். நான் என் அப்பன் வீட்டுக் கூட்டத்தைச் சொன்னேன். அவன் சேரை விட்டு எழுந்தே விட்டான்.

"அக்கோவ்! நம்மளும் அதேதானுங்க. ஒரே கோயலுங்க. நான் உங்களுக்குத் தம்பி முறையாச்சுங்க்கா. இனி இது யாவாரமில்லீங். என்ற அக்கா ஊட்டு வேலை."

கேட்டது அவன், சொன்னது நான், அதற்குப் பிறகுதான் அவனும் அதே கூட்டமானான். அந்த வரிசை அன்றைக்கு என் புத்தியில் ஏறவில்லை.

எனக்குக் கூடப்பிறந்தவன் கிடையாது. எங்கள் ஊரில் கூடப்பிறந்தவன் இல்லாதவளுக்கு அது எவ்வளவு பெரிய குறை என்று வெளியாட்களுக்குச் சொன்னால் புரியாது. ஆடிப் பதினெட்டு, பொங்கல் என்று ஒவ்வொரு நோம்பிக்கும் மற்றவளுக்கெல்லாம் பிறந்த வீட்டிலிருந்து சீர் வரும். அண்ணனோ தம்பியோ தட்டில் சேலை, தேங்காய், பழம் வைத்துக் கொண்டுவந்து கொடுப்பான். என் அப்பா இருந்தவரை அவர் கொண்டுவந்தார். அவருக்குப் பிறகு இருபத்திரண்டு வருஷம் என் வாசலுக்குச் சீர் என்று ஒன்றும் வரவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள், "உங்களுக்கு என்ன எடுத்துக் குடுத்தாங்க?" என்று தெரிந்துகொண்டே கேட்பார்கள்.

அந்த வருஷம் ஆடிப் பதினெட்டு அன்று காலை அவன் காரில் வந்து இறங்கினான். கூடப் பெண்டாட்டியையும் கூட்டிவந்திருந்தான். எவர்சில்வர் தட்டில் சேலை, ரவிக்கைத் துணி, தேங்காய் இரண்டு, ஒரு சீப்புப் பழம், மஞ்சள், வெல்லம். எல்லாம் முறைப்படி. தெருவே பார்த்தது. "பொறந்தவன் ஊட்டுச் சீருங்க்கா, மறுக்காம வாங்கிக்கோணும்" என்றாள் அவள். நான் அழுதேன். அப்பளம் பொரித்து, பாயசம் வைத்துச் சோறு போட்டேன். எதிர்வீட்டுக்காரி வேலி ஓரம் வந்து, "யாருங்க வந்திருக்கறது?" என்றாள். "என்ற தம்பி" என்றேன். என் வாயால் சொன்னேன்.

போனில் மகளிடம் சொன்னபோது அவள் சிரித்தாள்.

"புரோக்கர் சீர் கொண்டாந்தானா? ஏம்மா, கமிஷனை முன்கூட்டியே சேலையாக் குடுத்துப்போட்டானா?"

"வாயைக் கழுவு. உனக்கு அவன் மாமன் முறையாகோணும்."

"மாமனோ மச்சானோ, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு வக்கீல்கிட்டக் காட்டும்மா. நான் வேணா லீவு போட்டு வாரேன்."

"அக்காகிட்ட ஒரு சேலை குடுத்துட்டுப் போனவங்கிட்ட, உன்ற பேப்பரை வக்கீல் பாக்கோணும்னு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது?"

இதுதான் நான் செய்த தப்பு. சீர் வாங்கிவிட்டேன். சீர் கொண்டுவந்தவனைச் சந்தேகப்பட எனக்கு வாய் வரவில்லை. அவனுக்கு அது தெரியும். ஒரு சேலையில் என் வாயைக் கட்டிவிட்டான்.

ஆடியில் எதுவும் எழுதமாட்டோம். ஆவணி முதல் முகூர்த்தத்தில் அக்ரிமெண்ட் போடலாம் என்றான். விலை அறுபத்தைந்து லட்சம். பார்ட்டி ரெடி, மூன்று மாதத்தில் முழுப் பணமும் வந்துவிடும் என்றான். பார்ட்டிக்கு வருமான வரியில் ஏதோ சிக்கல், அதனால் இப்போதைக்கு அக்ரிமெண்ட்டைத் தன் பேரில் போட்டுக்கொள்வதாகச் சொன்னான். பேங்க்கில் ஆட்சேபணை இல்லை என்று கடிதம் வாங்க அவனே நாலு நடை நடந்தான். எனக்கு அலைச்சல் இல்லை. ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் இளநீர் வாங்கிக் கொடுத்தான். பத்திரம் எழுதுகிறவர் பேப்பரை நீட்டியபோது கண்ணாடி எடுக்கப் பையைத் திறந்தேன்.

"என்னுங்க்கா, தம்பி மேல நம்பிக்கை இல்லீங்களா?" என்று சிரித்தான்.

பையை மூடினேன். எட்டு இடத்தில் கையெழுத்து, கைரேகை. அட்வான்ஸ் பத்து லட்சம் பெற்றுக்கொண்டதாக அதில் எழுதியிருப்பதை அவனே சொன்னான். கையில் கொடுத்தது இரண்டு. பார்ட்டி பின்வாங்காமல் இருக்கத்தான் பத்து என்று காட்டுவதாகவும், மீதி எட்டு அடுத்த வாரம் என்றும் சொன்னான். அந்த இரண்டையும் அப்படியே பேங்க்கில் வட்டிக்குக் கட்டினேன்.

அடுத்த வாரம் வரவில்லை. கார்த்திகையில் மூன்று மாதம் முடிந்தது. போன் பண்ணினால் எடுப்பான், அதில் குறை சொல்ல முடியாது. "பார்ட்டி மாமனார் தவறிட்டாருங்க்கா", "மார்கழி பொறந்துருச்சுங், தையில முடிச்சர்லாங்", "அக்கா சாப்ட்டாச்சுங்களா?" இப்படியே ஓட்டினான். பொங்கலுக்கு அவன் சீர் வரவில்லை. வேலை முடிந்தவன் எதற்கு வருகிறான்? பேங்க்கில் வட்டிக்கு மேல் அபராத வட்டி ஏறிக்கொண்டே இருந்தது. தாராபுரத்து வாத்தியாரிடம் மகள் போய்க் கெஞ்சி, அவர் மகன் வந்து அவரைக் கூட்டிப் போகும்வரை, ஆனி மாதம்வரை, பொறுக்கச் சொன்னாள். நல்ல மனுஷன். சரி என்றார்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். சின்ன வயசு. அவள் ஐந்தாறு மாசம் முழுகாமல் இருந்தாள். வீட்டை இன்னொரு தடவை பார்க்க வந்ததாகச் சொன்னார்கள். முதல் தடவை நான் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது வந்து வெளியிலிருந்தே பார்த்தார்களாம். சரி, இதுதான் பார்ட்டி போல என்று உள்ளே விட்டேன். அவன் பட்டறையை இடித்துவிட்டுக் கார் நிறுத்தலாமா என்று அடி போட்டு அளந்தான். அவள் சமையலறை ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"அக்கா, நீங்க எப்ப காலி பண்றீங்க? எனக்கு ஆடிக்கு முன்னாடியே பால் காய்ச்சோணுமுங்க. ஓனர் உங்ககிட்டச் சொல்லிட்டாருங்களா?"

"எந்த ஓனரு?"

"அதானுங்க, நம்ம அண்ணன்." புரோக்கரின் பேரைச் சொன்னாள். "நீங்க ரொம்ப வருசமா வாடகைக்கு இருக்கறீங்களாமா? பாவம், வயசானவங்க, வெலையெல்லாம் அவங்க முன்னாடி பேசாதீங்கன்னு அண்ணன் சொன்னாரு."

நான் அடுப்பை அணைத்தேன். "பத்திரத்துல யாரு பேரு இருக்குதுன்னு பாத்தீங்களா கண்ணு?"

"சொந்தக்கார அம்மா பேர்ல இருக்குது, அவங்க ஊர்ல இல்ல, அக்ரிமெண்ட் அவரு பேர்லன்னு..."

"அந்த அம்மா நாந்தான்."

அவள் புருஷனைக் கூப்பிட்டாள். அவனிடம் விலையைக் கேட்டேன். முதலில் சொல்லவில்லை. ஆதார் கார்டை எடுத்து முகத்துக்கு நேராக நீட்டினேன். பிறகு சொன்னான். எண்பத்தெட்டு லட்சம்.

அவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். அந்தப் பெண் குடிக்கவில்லை. புருஷன் கிளம்பும்போது, "உங்களுக்குள்ள என்ன பிரச்சனைன்னாலும் பேசித் தீத்துக்கங்க. எங்களுக்குப் பத்திரம் கிளியரா வந்தாப் போதுங்க" என்றான். அவன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அவன் நியாயத்துக்கு என்று ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மறுநாள் புரோக்கரின் ஆபீசுக்குப் போனேன். கண்ணாடி மேஜை, ஏசி, சாமி படத்துக்குப் புதுப் பூ. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"வாங்க்கா வாங்க்கா! இந்த வெயில்ல பஸ்சுலயா வந்தீங்? ஒரு போன் போட்டா வண்டி அனுப்பிருப்பனுங்களே. டேய், அக்காவுக்கு மோர் வாங்கியா."

"என்ற ஊட்டை எத்தனைக்கு விக்கறே?"

"அதெல்லாம் யாவார ரகசியமுங்க்கா."

"என்ற ஊட்டு வெலை எனக்கு ரகசியமாடா?"

அவன் முகம் மாறவே இல்லை. "கோவப்படாதீங் அக்கா, பிரசர் ஏறிக்கும். உங்களுக்கு அறுவத்தஞ்சுன்னு சொன்னன். எழுதியும் குடுத்திருக்கறன். அதுக்கு மேல நான் எத்தனைக்கு வித்தா உங்களுக்கென்னுங்? தோப்பைக் குத்தகைக்கு உட்டவரு, காயை என்ன வெலைக்கு வித்தேன்னு கேட்டுக்கிட்டு வருவாருங்களா?"

"மூணு மாசம்னு சொன்னே."

"பேப்பர்ல பதினொரு மாசமுங்க்கா. நான் கைகாட்டற ஆளுக்கு நீங்க எழுதிக் குடுக்கோணும்னும் இருக்குதுங். படிச்சுப் பாக்கலீங்களா?"

"பாக்கி எட்டு லட்சம்?"

"எந்த எட்டுங்? பத்து வாங்கிட்டன்னு நீங்கதானுங்க ரிஜிஸ்ட்ரார் முன்னாடி ரேகை வெச்சீங்க."

அந்தக் குரலில் ஒரு மிரட்டல் இல்லை. கெட்ட வார்த்தை இல்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு 'ங்க' போட்டுக்கொண்டே கழுத்தை அறுத்தான். மோர் வந்தது. டம்ளரை அவன் கண்ணாடி மேஜைமேல் கவிழ்த்துவிட்டு வந்தேன். அதனால் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, அவன் பேப்பர் நாலு நனைந்தது.

ஸ்டேஷனில், "சிவில் மேட்டரும்மா, கோர்ட்டுக்குப் போங்க" என்றார்கள். வக்கீல் அக்ரிமெண்ட்டை முழுவதும் படித்தார். ஆவணியில் கொடுக்க வேண்டிய பேப்பரைப் பங்குனியில் கொடுத்தேன். "கேஸ் போடலாங்க. எட்டு லட்சம் வாங்கலைன்னு நிரூபிக்கறது கஷ்டம். இது ரிஜிஸ்டர் ஆன அக்ரிமெண்ட். வில்லங்கம் போட்டுப் பாத்தா இது நிக்கும். இதைத் தூக்காம வேற எவனும் வாங்க மாட்டான். தூக்கறதுக்கு அஞ்சாறு வருசம் ஆகும்" என்றார். பேங்க் எனக்குக் கொடுத்திருந்தது மூன்று மாதம்.

கடைசியாகக் கோயிலுக்குப் போனேன். கொடுமுடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கூட்டத்துக் கோயில். சாமியிடம் முறையிட இல்லை. கூட்டத்துப் பெரியவர்களைச் சேர்த்து அவனைக் கூப்பிட்டுக் கேட்க வைக்கலாம் என்று நினைத்தேன். நாலு பேர் முன்னால் கூசுவான் அல்லவா? அங்கே கோயில் வரி எழுதுகிறவர் பெரிய நோட்டை எடுத்தார். கூட்டத்தில் கல்யாணமான ஒவ்வொரு ஆம்பளைக்கும் அதில் ஒரு வரி உண்டு. ஊர் வாரியாக இருக்கும். அவன் சொன்ன ஊரில் அவன் பேர் இல்லை. அவன் அப்பன் பேரும் இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"சீர் கொண்டாந்தானுங்களா?"

"உங்களுக்கு எப்படித் தெரியுமுங்க?"

"உங்களோட சேத்து மூணு பேருங்கம்மா. இந்த நோட்டைப் பாக்கோணும்னு வந்தவங்க. மூணு பேரும் பொம்பளைங்க. மூணு பேருக்கும் கூடப்பொறந்தவன் கெடையாது." நோட்டை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "பக்கத்துக் கூட்டத்துக் கோயல்லயும் இவனைத் தேடி ஒருத்தங்க வந்தாங்களாமா. அங்க அந்தக் கூட்டம்னு சொல்லியிருக்கறான். ஊர்ல இருக்கற அத்தனை கூட்டத்துக்கும் பங்காளியாட்ட இருக்குது."

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. நான் அவன் பெண்டாட்டியை நினைத்தேன். தட்டை நீட்டி, "மறுக்காம வாங்கிக்கோணும்" என்று சொன்ன அந்தச் சிரித்த முகத்தை. அவளுக்கும் அது தொழில்.

திரும்பி வந்து வக்கீலை விட்டுப் புரோக்கரிடம் பேசச் சொன்னேன். நான் கையெழுத்துப் போட மாட்டேன், பேங்க் ஏலம் போடட்டும், உனக்கும் இல்லை எனக்கும் இல்லை என்று சொல்லச் சொன்னேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். பத்து நாள் கழித்து அவன், பத்திரப்படி பாக்கியான ஐம்பத்தைந்துக்கு மேல் நாலு லட்சம் சேர்த்துத் தருவதாகச் சொன்னான். அதற்கு மேல் ஒரு பைசா இல்லை. அவனால் காத்திருக்க முடியும், என்னால் முடியாது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். மகள், "போகட்டும் உடும்மா, வித்துட்டு வா" என்றாள். அவள் அழுததைக் கேட்டுத்தான் சரி என்றேன்.

ஆனியில் ரிஜிஸ்டர் ஆபீஸ். வாங்குகிறவர்கள் இரண்டு பேர், அவன், நான், மகள். அவன் மகளைப் பார்த்து, "வா கண்ணு, மாப்பிள்ளை வர்லீங்களா?" என்றான். அவள் அவன் காலுக்குப் பக்கத்தில் துப்பினாள். அவன் ஷூவை ஒரு அடி நகர்த்திக்கொண்டான், அவ்வளவுதான். என் முறை வந்தது. கேமராவைப் பார்க்கச் சொன்னார்கள். சார்பதிவாளர் தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"முழுச் சம்மதத்தோட எழுதிக் குடுக்கறீங்களாம்மா? தொகை பூராம் வாங்கியாச்சா?"

வரும் வழியெல்லாம் இந்த இடத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். சொன்னால் பத்திரம் நிற்கும். பேங்க்கின் தேதிக்கு ஒன்பது நாள் இருந்தது.

"ஆமாங்க" என்றேன்.

கடன் நாற்பத்தொன்று ஆகியிருந்தது. அடைத்த பிறகு என் கையில் நின்றது பதினெட்டு லட்சம். பேங்க் வாசலில் நின்றுகொண்டே வாத்தியாருக்குப் போன் பண்ணினேன். என்னால் வாங்க முடியவில்லை, இவ்வளவு நாள் காக்க வைத்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். "எட்டு லட்சந்தானுங்களே கொறையுது, ஏற்பாடு பண்ண முடியாதுங்களா?" என்றார். அறுபது வயது பொம்பளைக்கு எட்டு லட்சம் யார் கொடுப்பார்கள் என்று அவரிடம் கேட்கவில்லை. அவர் வீட்டை வேறு யாரோ வாங்கினார்கள். இப்போது அதன் வாசலில் இரும்புக் கேட் போட்டிருக்கிறார்கள்.

தாராபுரத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருக்கிறேன். ஒரு அறை, ஒரு அடுப்படி. வீட்டுக்காரம்மா காலை ஆறு மணிக்கு அரை மணி நேரம் மோட்டார் போடுவாள். அதற்குள் பிடித்தால் தண்ணீர், இல்லாவிட்டால் கதவைத் தட்டிக் கேட்க வேண்டும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் மகள் வந்தால் கேட்டைத் திறக்க முகத்தைச் சுளிப்பாள். கெட்டவள் இல்லை. அது அவள் வீடு.

போன வாரம், மகனுக்குக் கல்யாணம் வைத்திருப்பதாகவும் தை பிறந்ததும் காலி செய்து கொடுக்க வேண்டும் என்றும் சொன்னாள். நல்ல புரோக்கர் ஒருவரைத் தெரியும், நம்பர் தரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். தினமும் சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் நானே ஒவ்வொரு தெருவாக நடந்து, 'வீடு வாடகைக்கு' என்று எழுதித் தொங்குகிற அட்டை எங்கேயாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.